கைக்குட்டையைக் குறி வைத்த சிறுமி

குழந்தைகளே! ஒரு டென்னிஸ் ஆடுகளத்தை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். நடுவே வலை கட்டியிருக்கிறது. வலைக்கு அந்தப் பக்கம், ஒரு மூலையில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று விரித்துப் போடப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கம் மெலிந்த உடம்புடன் ஒரு சிறுமி, கையில் மட்டையுடன் நிற்கிறாள். அவள் அடிக்கும் பந்து அந்தக் கைக்குட்டையின் மேல் போய் விழ வேண்டும். அதுதான் அன்றைய பாடம்.

ஒற்றையர் ஆட்டத்துக்கான களத்தில் வலைக்கு ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் இருக்கும். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு கைக்குட்டை எத்தனை சிறியது! பந்து ஒரு முறை தள்ளி விழும். மறுமுறை முன்னால் விழும். சிறுமி விடமாட்டாள். பந்து கைக்குட்டையில் விழப் பழகிய பிறகு, கைக்குட்டை வேறு மூலைக்குப் போய்விடும். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அந்தச் சிறுமிதான் பின்னாளில் ஆறு முறை விம்பிள்டன் பட்டம் வென்ற சுசான் லெங்லென். நூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகமே கொண்டாடிய டென்னிஸ் வீராங்கனை அவர். அவருடைய கதையைத் தெரிந்து கொள்வோமா?

நோயாளிச் சிறுமி

சுசான், 1899ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசில் பிறந்தார். அப்பாவின் பெயர் சார்லஸ். அம்மாவின் பெயர் அனாய்ஸ். மோட்டார் பேருந்துகள் பெருகாத காலம் அது. குதிரைகள் இழுக்கும் பெரிய வண்டிகளில்தான் மக்கள் நகருக்குள் பயணம் செய்தார்கள். அப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டும் நிறுவனம் ஒன்று சுசானின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. சுசானுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். ஆஸ்துமாவும் இருந்தது. மூச்சு வாங்கும். நன்றாக ஓடியாடி விளையாடினால் உடம்பு தேறும் என்று அப்பா நினைத்தார். 1910ஆம் ஆண்டில் மகளுக்கு ஒரு டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். அப்போது சுசானுக்கு வயது 11. பெரிய வீராங்கனை ஆக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் அப்போது இல்லை. பிள்ளை நலமாக இருந்தால் போதும் என்பதுதான் நோக்கம்.

ஆனால், சுசானுக்கு அந்த விளையாட்டு உடனே பிடித்துப் போனது. சில மாதங்களுக்குள் ஒரு போட்டியில் கலந்து கொண்டு இரண்டாம் இடம் பிடித்துவிட்டார். சார்லஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அப்பா வகுத்த பாடத்திட்டம்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சார்லஸ் டென்னிஸ் பயிற்சியாளர் அல்ல. பெயர் பெற்ற ஆட்டக்காரரும் அல்ல. அப்படியானால் மகளுக்கு எப்படிக் கற்றுக் கொடுத்தார்?

கண்களால்தான்! லெங்லென் குடும்பம் குளிர்காலத்தில் பிரான்சின் தென்கோடியில், கடலோரம் இருக்கும் நீஸ் நகரத்தில் தங்குவது வழக்கம். அங்கே குளிர் குறைவு. அதனால் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் குளிர்காலத்தில் அந்தப் பகுதிக்கு வந்து போட்டிகளில் ஆடுவார்கள். சார்லஸ் அவற்றை எல்லாம் உட்கார்ந்து கவனித்தார். யார் எப்படி நிற்கிறார், எப்போது வலைக்கு அருகே ஓடி வருகிறார், பந்தை எந்த மூலைக்கு அனுப்புகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்தக் காலத்துப் பெண்களில் பெரும்பாலோர் களத்தின் பின்கோட்டருகே நின்றபடி பந்தைத் திருப்பி அனுப்புவார்கள். ஆண்களோ பாய்ந்து முன்னே வந்து, பந்து தரையில் விழும் முன்பே அடித்து முடிப்பார்கள். தன் மகளும் அப்படித்தான் ஆட வேண்டும் என்று சார்லஸ் முடிவு செய்தார். ஆகவே, சுசானை ஆண்களோடு ஆட வைத்தார். தன்னைவிட வேகமாகவும் பலமாகவும் ஆடுபவர்களை எதிர்கொண்டதால், சுசானின் கால்களும் கண்களும் வேகமாகப் பழகின.

கைக்குட்டைப் பயிற்சியும் சார்லஸ் கண்டுபிடித்ததுதான். பந்தை வலைக்கு அப்பால் அனுப்புவது மட்டும் போதாது. எந்த இடத்தில் விழ வேண்டும் என்று அடிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். விரித்திருந்த கைக்குட்டை நாளடைவில் மடிக்கப்பட்டுச் சிறிதாகும் என்றும், கடைசியில் அதன் இடத்தில் ஒரு நாணயம் வந்துவிடும் என்றும் சொல்வார்கள்.

இன்னொரு சுவையான செய்தி. அந்த நாட்களில் டயபோலோ என்ற விளையாட்டுப் பொருள் பிரான்சில் பிரபலம். இரண்டு குச்சிகள், அவற்றுக்கு இடையே ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மேல், நடுவில் குறுகிய உருளை ஒன்றைச் சுழல விட்டு, மேலே தூக்கிப் போட்டு, விழும்போது மறுபடியும் கயிற்றிலேயே பிடிக்க வேண்டும். சுசான் அதில் கெட்டிக்காரி. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய இது நல்ல பயிற்சி, இல்லையா? நடனமும் கற்றுக் கொண்டார். பின்னாளில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், இது டென்னிஸா, நாட்டியமா என்று வியந்தார்கள்.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. சார்லஸ் மிகவும் கண்டிப்பானவர். தவறு செய்தால் மற்றவர்கள் முன்னிலையிலேயே மகளைக் கடிந்து கொள்வார். பாராட்டுவதில் கஞ்சத்தனம் காட்டுவார். சுசான் பெரிய வீராங்கனையான பிறகும், அப்பா என்ன சொல்வாரோ என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை. ஒரு பந்து குறி தவறினால் சிரித்துவிட்டு அடுத்த பந்தை அடிக்கலாம் என்பதை யாராவது அந்தச் சிறுமிக்குச் சொல்லியிருக்கலாம்!

பதினைந்து வயதில் பட்டம்

1914ஆம் ஆண்டில், 14 வயதே ஆன சுசான் பிரான்ஸ் நாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே நின்றவர் மார்கரித் புரோகெடி. ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். மூன்று செட் வரை போராடி சுசான் தோற்றார். ஆனால், அதே ஆண்டில், 15 வயது நிறைந்த சில நாட்களில் உலகக் கடினத்தளப் போட்டியில் பட்டம் வென்றார். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம், யார் இந்தச் சிறுமி என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் முதல் உலகப் போர் வெடித்தது. நான்கு ஆண்டுகள் பெரிய போட்டிகளே இல்லை. கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் மட்டையை மூலையில் வைத்திருப்பார். சுசான் நீஸ் நகரத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார். எப்போது போட்டி நடக்கும் என்று தெரியாமலேயே பயிற்சி செய்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்! தேர்வு தேதி தெரியாமல் நான்கு ஆண்டுகள் படிப்பது போல அல்லவா!

மறக்க முடியாத இறுதி ஆட்டம்

1918இல் போர் முடிந்தது. 1919ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விம்பிள்டன் போட்டி மறுபடியும் தொடங்கியது. 20 வயது சுசான் முதல் முறையாக அங்கே போனார். நீஸ் நகரில் அவர் ஆடிப் பழகியது மண் தரை. விம்பிள்டனில் புல் தரை. புல்லில் பந்து தாழ்வாகவும் வேகமாகவும் வரும். அதையும் சமாளித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்.

எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை. டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். வயது 40. அதற்குள் ஏழு முறை விம்பிள்டன் பட்டம் வென்றிருந்தார். இங்கிலாந்து அரசரும் அரசியும் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

முதல் செட் 10-8 என்று சுசானுக்கு. இரண்டாவது செட் 6-4 என்று சேம்பர்ஸுக்கு. மூன்றாவது செட்டில் சுசான் முந்தினார். ஆனால் சேம்பர்ஸ் விடாமல் துரத்திப் பிடித்து 6-5 என்று முன்னேறிவிட்டார். அடுத்த கேமில் 40-15. அதாவது இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் சேம்பர்ஸ் ஜெயித்துவிடுவார். அதற்கு அவருக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன.

முதல் வாய்ப்பில் சுசான் எட்டிப் பிடித்து அடித்த பந்து, மட்டையின் நரம்பில் படாமல் மரச்சட்டத்தில் பட்டது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பந்தோ தட்டுத் தடுமாறி வலையைத் தாண்டி விழுந்தது! அடுத்த வாய்ப்பையும் சேம்பர்ஸ் தவறவிட்டார். தப்பிய சுசான் அதன் பிறகு பின்வாங்கவில்லை. 9-7 என்று செட்டையும் பட்டத்தையும் வென்றார். இரண்டு பேரும் சேர்ந்து மொத்தம் 44 கேம்கள் ஆடியிருந்தார்கள். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் 1970ஆம் ஆண்டு வரை அதுவே மிக நீண்ட ஆட்டமாக இருந்தது.

மரச்சட்டத்தில் பட்ட பந்து அதிர்ஷ்டம்தான். அதை மறுக்க வேண்டாம். ஆனால், அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு புள்ளியும் அதிர்ஷ்டத்தால் வந்தது அல்ல.

உடையும் மாறியது

அந்தக் காலத்தில் பெண்கள் தரையைத் தொடும் பாவாடையும், கழுத்து வரை மூடிய சட்டையும், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையும் அணிந்துதான் டென்னிஸ் ஆடினார்கள். அப்படி உடுத்திக் கொண்டு எப்படிப் பாய்ந்து ஓடுவது? சுசான் கெண்டைக்கால் அளவே நீளமுள்ள லேசான கவுனும், குட்டைக் கையும் அணிந்து வந்தார். தலையில் வண்ணத்துணிப் பட்டை ஒன்றைச் சுற்றிக் கொண்டார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், சில ஆண்டுகளில் பெண்கள் பலரும் அப்படியே உடுத்தத் தொடங்கினார்கள்.

1920ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஒற்றையர் போட்டியில் சுசானுக்குத் தங்கம். அந்தப் போட்டி முழுவதிலும் எதிராளிகள் எல்லோரும் சேர்ந்து அவரிடம் எடுத்தது நான்கே கேம்கள்! கலப்பு இரட்டையரில் இன்னொரு தங்கம். பெண்கள் இரட்டையரில் வெண்கலம்.

ஒரே ஒரு தோல்வி

1921ஆம் ஆண்டு சுசான் கப்பலில் அமெரிக்காவுக்குப் போனார். போரில் பாழான பிரான்ஸ் நாட்டுப் பகுதிகளுக்கு உதவி திரட்டுவது பயணத்தின் நோக்கம். அப்பா உடல்நலம் இல்லாததால் வரவில்லை. அம்மா துணைக்கு வந்தார். சுசானுக்கும் உடம்பு சரியில்லை. கப்பலில் இருந்து இறங்கிய சில நாட்களிலேயே அமெரிக்கப் போட்டியில் ஆட வேண்டியதாயிற்று. எதிரே, அந்த நாட்டுச் சாம்பியன் மோல்லா மல்லோரி.

முதல் செட்டை 2-6 என்று இழந்தார். இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் இருமல் வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, அழுதபடி களத்தைவிட்டு வெளியேறினார். கூட்டம் கேலி செய்தது. தோற்கப் பிடிக்காமல் நடிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

மறு ஆண்டே விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அதே மல்லோரி எதிரே வந்து நின்றார். 6-2, 6-0. அரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது! கேலிக்கு சுசான் வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் பட்டம். 1924இல் நோயால் பாதியில் விலகினார். 1925இல் மீண்டும் வந்து ஆறாவது பட்டம் வென்றார். அந்த ஆண்டு ஒற்றையர் போட்டி முழுவதிலும் அவர் இழந்தது ஐந்தே ஐந்து கேம்கள். போருக்குப் பிறகு 1926 வரை ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில், அமெரிக்காவில் பாதியில் விட்ட அந்த ஒன்றைத் தவிர வேறு தோல்வியே கிடையாது.

யாருக்குப் பணம்?

1926 பிப்ரவரி 16ஆம் நாள், பிரான்சின் கேன்ஸ் நகரில் சுசானும் அமெரிக்காவின் இளம் வீராங்கனை ஹெலன் வில்ஸும் மோதினார்கள். உலகமே எதிர்பார்த்த ஆட்டம். 6-3, 6-5 என்று சுசான் முன்னணியில் இருந்தபோது, பந்து வெளியே விழுந்ததாக ஒரு குரல் கேட்டது. ஆட்டம் முடிந்தது என்று இருவரும் கை குலுக்கிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குரல் கோட்டு நடுவருடையது அல்ல. கூட்டத்தில் யாரோ கத்தியிருக்கிறார்கள்! ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியடைந்த மனதை மீண்டும் ஆட்டத்துக்குத் திருப்புவது சுலபமா? ஹெலன் 6-6 என்று சமன் செய்தார். ஆனாலும், சுசான் தளராமல் 8-6 என்று முடித்தார்.

அந்தக் காலத்தில் பெரிய போட்டிகளில் ஆடுபவர்கள் பரிசுப் பணம் வாங்கக் கூடாது என்ற விதி இருந்தது. நுழைவுச்சீட்டு விற்று வரும் பணம் எல்லாம் போட்டி நடத்துபவர்களுக்கே போகும். விளையாடுபவர் உழைக்க, வேறு யாரோ சம்பாதிப்பது என்ன நியாயம் என்று சுசான் வெளிப்படையாகக் கேட்டார். 1926 விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றி ஏற்பட்ட குழப்பத்தில், அரசியைக் காத்திருக்க வைத்துவிட்டார் என்ற பழி அவர் மேல் விழுந்தது. மனம் நொந்து பாதியில் விலகினார்.

அதே ஆண்டு, பணம் வாங்கிக் கொண்டு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று மேரி பிரவுன் என்பவரோடு ஆடினார். ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனால், அதன் பிறகு பழைய பெரிய போட்டிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களையும் விம்பிள்டன் சேர்த்துக் கொண்டது 1968ஆம் ஆண்டில்தான். சுசான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆசிரியை சுசான்

போட்டிகளில் இருந்து ஓய்வு பெற்ற சுசான், 1930களில் பாரிசில் டென்னிஸ் பள்ளி நடத்தினார். 1937ஆம் ஆண்டில் மார்கரெட் மாரிஸ் என்ற நடன ஆசிரியையுடன் சேர்ந்து, எளிய உடற்பயிற்சிகள் மூலம் டென்னிஸ் கற்றுக் கொள்வது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டென்னிஸ் நூலுக்கு நடன ஆசிரியை எதற்கு என்று கேட்கிறீர்களா? கால் சரியான இடத்துக்குப் போனால்தான் கை சரியாக அடிக்கும். சுசான் தன் வாழ்க்கையில் கண்ட உண்மை அது.

மறு ஆண்டே, 1938 ஜூலை 4ஆம் நாள், கொடிய இரத்த சோகை நோயால் சுசான் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 39தான். இன்று பாரிசில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் போட்டியில், பெண்கள் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு வழங்கப்படும் கோப்பைக்கு அவருடைய பெயர்தான். அங்குள்ள இரண்டாவது பெரிய அரங்கமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

சுசானின் பயிற்சிகளை நமக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளலாம். விலை உயர்ந்த மட்டை தேவையில்லை.

1. சுவர்ப் பயிற்சி: ஜன்னல் இல்லாத சுவரில், தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் வலை. கோட்டுக்கு மேலே ஒரு கட்டம் வரையுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, பந்தை அந்தக் கட்டத்துக்குள் அடியுங்கள். சுலபமாகிவிட்டால் கட்டத்தைச் சிறிதாக்குங்கள்.

2. கைக்குட்டைப் பயிற்சி: களம் கிடைத்தால், எதிர்ப்பக்க மூலையில் ஒரு கைக்குட்டையைப் போடுங்கள். இருபது பந்துகள் அடியுங்கள். எத்தனை பந்துகள் அதற்கு ஓரடி தூரத்துக்குள் விழுந்தன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடுபவர் காலில் சிக்காத இடத்தில் கைக்குட்டை இருக்கட்டும்.

3. நடுவுக்குத் திரும்புதல்: ஒவ்வொரு முறை அடித்ததும், அடித்த இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். உடனே நடுவுக்கு ஓடி வாருங்கள். அடுத்த பந்து எந்தப் பக்கம் வந்தாலும் எட்டிவிடலாம்.

4. கால்களுக்கு வேலை: கயிறு தாண்டுங்கள். பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் தாண்டிக் கோட்டை மிதிக்காமல் நிற்கிறீர்களே, அதுவும் நல்ல பயிற்சிதான்.

5. உங்களைவிட நன்றாக ஆடுபவரோடு ஆடுங்கள்: அண்ணனோ அக்காவோ உங்களைத் தோற்கடிக்கட்டும். தோற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு புதிய விஷயம் கற்றுக் கொள்வீர்கள்.

உங்களில் சிலருக்கு சுசானைப் போலவே மூச்சுத் தொல்லை இருக்கலாம். மருத்துவரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக் கொண்டு, உடம்பு தாங்கும் அளவுக்கே ஆடுங்கள். தம்பி, தங்கைக்குக் கற்றுக் கொடுக்கிறீர்களா? பந்து குறி தவறினால் திட்டாதீர்கள். பந்தை எடுத்துக் கையில் கொடுத்து, இன்னொரு முறை அடிக்கச் சொல்லுங்கள்.

என்ன குழந்தைகளே, கைக்குட்டையைத் தேடக் கிளம்பிவிட்டீர்களா? துவைத்து மடித்து வைத்ததை எடுக்காதீர்கள். அம்மாவிடம் கேட்டுப் பழையது ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள்!